வாலை முதல்ல செய்யி, பேராண்டி

வாடா பேராண்டி, உக்காரு. பொண்ணு பாக்கப் போகணும், வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாடான்னா, கையில பிளேடும் விரல்ல ஃபெவிக்விக்குமா வந்து நிக்கிற. என்னடா கோலம்னா, "கபூஸ் செய்றேன் தாத்தா"ங்கிற. பேரைக் கேட்டதும் ஏதோ வயித்துக் கோளாறுன்னுல்ல நெனச்சேன்!

அப்புறந்தான் படத்தைக் காட்டின. செவப்பா ஒரு பெட்டி, கூரைமேல புறாக்கூண்டு. அமெரிக்காவுல கூட்ஸ் வண்டிக்குக் கடைசியா மாட்டுவாங்களாம், கூண்டுல ஏறி உக்காந்துக்கிட்டு முன்னால போற வேகனையெல்லாம் நோட்டம் பாப்பாங்களாம். உள்ள அடுப்பு, படுக்கை எல்லாம் உண்டாம். இருக்கட்டும். சீரங்கம் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்துல குடியிருந்துக்கிட்டு, அமெரிக்காக்காரன் வண்டிக்கு வால் வெக்கணும்னு உனக்கு என்னடா தலையெழுத்து?

நம்ம ஊர்ல அதுக்குப் பேரு கார்டு வண்டி. ரயில்வே ஏட்டுல பிரேக் வேன். லால்குடி, சீரங்கம் வழியாப் போற பாதைக்குக் கார்டு லைன்னு பேரா, சின்ன வயசுல அது கார்டுக்குப் பாத்தியப்பட்ட சொத்துன்னே நெனச்சிருந்தேன். தஞ்சாவூர், கும்மோணம்னு சுத்தாம விழுப்புரத்துக்குக் குறுக்க போறதால அந்தப் பேருன்னு மீசை மொளச்சப்புறந்தான் தெரிஞ்சுது.

கார்டு வண்டி எதுக்குன்னு கேளு. சித்திரைத் தேர் பாத்திருக்கியே. வடம் பிடிக்க ஆயிரம் பேரு. தேரை நிறுத்துறது யாரு? சக்கரத்துக்குக் கீழ முட்டுக்கட்டை போடுறவன். அவனை ஒருத்தனும் போட்டோ எடுக்க மாட்டான். கார்டும் அவன் சாதிதான். நடுவுல கொக்கி அத்துப்போயி பின்பாதி வண்டி உருள ஆரம்பிச்சா, கடைசிப் பெட்டியில கைப்பிரேக்கைச் சுத்தி நிறுத்த வேண்டியவரு அவரு. வால்ல பகல்ல, இதுதான் கடைசி வண்டின்னு சொல்ற 'எல்.வி.' பலகை, ராத்திரியில செவப்பு விளக்கு. அது கண்ணுல பட்டாத்தான் வண்டி முழுசா வந்து சேந்துச்சுன்னு ஸ்டேஷன்ல ஒத்துக்குவாங்க. அதுக்கப்புறந்தான் பின்னால வர்ற வண்டிக்கு வழி. 2022-ல அவருக்கு 'டிரெயின் மேனேஜர்'னு பேரு மாத்தினாங்க. பேருதான் சொகுசு, பெட்டி அதே குலுக்கல்தான். அமெரிக்காவுல 1980-கள்லயே புறாக்கூண்டைக் கழட்டிட்டு, கடைசி வேகன் வால்ல ஒரு மின்னல் டப்பாவை மாட்ட ஆரம்பிச்சுட்டான். இங்கயும் அந்தப் பேச்சு ஓடுது. அதனால செய்றதுன்னா இப்பவே நம்ம பெட்டியைச் செய்யி.

செய்யுமுன்னாடி கணக்கு. நீ வாங்கி வெச்சிருக்க பொம்மைத் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். அது வெள்ளைக்காரன் ஊரு 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ல ஒரு பங்காக் கொறச்சது. நம்ம அகலப்பாதை 1676. எண்பத்தேழால வகுத்தா 19-க்கு மேல வருது. அண்ணன் உடம்பைத் தம்பி சட்டைக்குள்ள திணிக்கிற வேலை! நான் பாத்த காலத்துல கார்டு லைனே மீட்டர்கேஜ்தான். அந்தப் பழைய நாலு சக்கரப் பெட்டியை எடுத்துக்க. ஆயிரத்தை 87-ஆல வகு, பதினொன்றரை. பன்னெண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில கெடைக்கும். அரை மில்லிமீட்டர் பிசகைக் கண்டுபிடிக்கப் பொன்மலைப் பட்டறைக்காரன்தான் வரணும்.

பட்டறைன்னதும் ஞாபகம் வருது. நாகப்பட்டினத்துல இருந்த ரயில்வே பட்டறையை 1928-ல பொன்மலைக்குக் கொண்டாந்தாங்க. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே செஞ்சு அனுப்புன எடம்டா அது. நீ என்னடான்னா ஒரு கதவுக் கைப்பிடிக்கு வெளிநாட்டுலேர்ந்து பார்சல் எதிர்பாத்துக்கிட்டிருக்க. 2014-ல தொறந்த ரயில் மியூசியம் இங்கயே இருக்கு. போயி பழைய வண்டிங்களைச் சுத்திச் சுத்திப் பாரு. கண்ணுல ஏறாதது கையில எறங்காது.

அட்டைக்கு அலைய வேணாம். உன் அக்கா கல்யாணப் பத்திரிகை மிச்சம் பரண்மேல கெடக்கு, நல்ல கெட்டிக் கார்டு. கார்டு லைன்ல போன கார்டு வண்டியைக் கார்டுலயே செஞ்ச பெருமை உனக்குத்தான். இரும்பு ஸ்கேலை வெச்சு, பிளேடை அழுத்தாம நாலு தரம் இழு. ஒரே வீச்சுல வெட்ட இது வாழைத்தாரு இல்ல. ரிவிட்டுக்கு அட்டையோட முதுகுல மழுங்கின காம்பஸ் முனையால லேசாக் குத்து, முன்பக்கம் வேர்க்குரு மாதிரி எழும்பும். ஃபெவிகாலைக் கொழகொழன்னு அப்பாத, அட்டை அப்பளமா நெளிஞ்சுக்கும்.

கார்டு நிக்கிற திண்ணைக் கைப்பிடிக்கு ஸ்டேப்ளர் பின்னை நிமித்தி வெச்சிருக்கியே, அதுக்கும் கணக்குப் போட்டியா? பின்னு அரை மில்லிமீட்டர் கனம். 87-ஆல பெருக்கு. நாலு சென்டிமீட்டருக்கு மேல! கார்டு உலக்கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. பழைய ஒயரை உரிச்சா மயிர் மாதிரி செப்புக் கம்பி வரும், அதைப் போடு. கடைசியா செங்காவி பூசு. புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு விடாத. அடுப்புக்கரித் தூளை விரல்ல தொட்டு கூரையில தேய்ச்சு விடு. ஒழைச்ச வண்டிக்கு அழுக்குதான் அழகு.

எஞ்சினை அப்புறம் பாத்துக்கலாம். எஞ்சின்ல ஆரம்பிச்சவனெல்லாம் பாதியில நின்னிருக்கான். வாலை முடிச்சவனுக்குத் தலை எங்க போயிடும்?

ஒண்ணு மட்டும் சொல்லிப்புட்றேன். பரண்மேல இருக்க அட்டை ஒரு பெட்டிக்குத்தான் காணும், எண்ணிப் பாத்துட்டேன். அடுத்த பெட்டிக்கு உன் கல்யாணப் பத்திரிகைதான் அடிக்கணும். உன் கல்யாணத்துக்கு நீயே முட்டுக்கட்டை போட்டது போதும். எந்திரி, வெள்ளைச் சட்டையைப் போடு. விரல்ல இருக்க ஃபெவிக்விக் இருக்கட்டும். ஒட்டிக்கிற பையன்னு பொண்ணு வீட்டுல நெனச்சுக்குவாங்க.