விமானச் சித்திரகுப்தர்களுக்கு ஒரு விண்ணப்பம்

விமான நிறுவனங்களில் நேர அட்டவணை எழுதும் சித்திரகுப்த மகாராஜாக்களின் சமூகத்துக்கு, சென்னை–டெல்லி வழித்தடப் பயணிகள் சார்பில் அடிபணிந்து எழுதிக்கொள்வது.

கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் தரையைத் தொட்டதும், "குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே வந்துவிட்டோம்" என்று பெருமையோடு அறிவிக்கிறீர்கள். பெட்டி அடுக்குக்குக் கீழே கழுத்தை வளைத்து, கதவு எப்போது திறக்கும் என்று தெரியாமல் நிற்கும் நாங்கள் புல்லரித்துப்போக வேண்டும். கணக்கைப் பார்ப்போம். இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 1,760 கி.மீ. ஏர்பஸ் 320 மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்தால் 2 மணி 10 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. டிக்கெட்டிலோ 2 மணி 45 நிமிடம், சமயத்தில் அதற்கும் மேல். எமலோகத்துச் சித்திரகுப்தர் நடந்ததை மட்டும்தான் எழுதுவார். நீங்களோ இனி நடக்கப்போகும் தாமதத்தையும் முன்கூட்டியே வரவு வைத்துவிடுகிறீர்கள்.

ஓடுபாதைவரை ஊர வேண்டும், மேலேற வேண்டும், டெல்லி வானில் வரிசைக்குக் காத்திருக்க வேண்டும் என்பீர்கள். சரி, அதற்கு நியாயமான நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று என்றால் ஒப்புக்கொள்ள முடியாது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று லண்டன் போகும் விமானத்தைத்தான் மறிக்கும். தெற்கிலிருந்து வடக்கே போகிறவருக்கு அது பெரும்பாலும் பக்கவாட்டில் வீசும். டிசம்பர், ஜனவரி மூடுபனி உண்மைதான். ஆனால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனி அட்டவணை போடும் உங்கள் பேரேட்டில், பனிக்கான நிமிடங்களைப் பனிக்காலத்தோடு நிறுத்துவதில் என்ன சிரமம்?

நேரத்தைக் கூட்டிச் சொன்னால் பயணிக்கு நல்லதுதானே என்றும் கேட்பீர்கள். இத்தனை நிமிடம் தாமதத்துக்கென்று வெளிப்படையாகச் சொன்னால் நல்லதுதான். நீங்கள் அதைச் சொல்வதில்லை. அட்டவணையிலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் கணக்கில் அது 'சரியான நேரம்'. அந்த அட்டவணையை எழுதுகிறவரும் நீங்களே. பேசின் பிரிட்ஜில் ரயிலை நிறுத்தி வைத்துவிட்டு, சென்ட்ரலுக்கு நேரத்தில் வந்ததாகச் சொல்லும் வித்தை இப்போது வானத்துக்கும் ஏறிவிட்டது. டிஜிசிஏ விதியில் உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. இரண்டரை மணி நேரம்வரையான பயணத்துக்கு 2 மணி நேரம் தாமதமானால் பயணிக்குச் சிற்றுண்டி தர வேண்டும். பயண நேரம் இரண்டரையைத் தாண்டினால் 3 மணி நேரம் காக்க வைக்கலாம். அதாவது அட்டவணையில் கூட்டி எழுதும் சில நிமிடங்கள், பசியோடு இருப்பவரை இன்னும் ஒரு மணி நேரம் பட்டினி போடும் உரிமையாக மாறக்கூடும். இதற்குப் பெயர் திட்டமிடல் அல்ல, ஏமாற்று.

மன்னிக்கவும், சித்திரகுப்தரிடம் குரலை உயர்த்தினால் நரகம்தான் கிடைக்கும். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். டிக்கெட்டில் அட்டவணை நேரத்துக்குப் பக்கத்திலேயே, போன மாதம் அதே விமானம் உண்மையில் எடுத்துக்கொண்ட சராசரி நேரத்தையும் அச்சிடுங்கள். சீக்கிரம் வந்ததா, தாமதமா என்பதை நாங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்கிறோம்.