வீட்டு எலுமிச்சை ஜூஸ்: பற்றாக்குறை நோக்கில் ஓர் ஆய்வு

தேநீர் போடுவதற்கு உலகத் தர விதி ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 3103 என்பது அதன் எண், 1980இல் வெளியானது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல், பாத்திரம் பீங்கானாக இருத்தல் நலம் என்றெல்லாம் அதில் வகுத்து வைத்திருக்கிறார்கள். இதன் பிரிட்டிஷ் வடிவத்துக்கு 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசைக் கொடுத்து உலகமே சிரித்தது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும், அவர்களிடம் ஒரு விதியாவது இருக்கிறது. சித்திரை வெயிலில், வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்ட மாத்திரத்தில் தமிழ் வீடுகளில் பிழியப்படும் எலுமிச்சை ஜூஸைப் பற்றி எந்தக் குழுவும் இதுவரை கூடவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது கருதுகோள் எளியது. விருந்தாளி குடிக்கும் ஜூஸின் சுவையைத் தீர்மானிப்பது, வந்த தலைகளுக்கும் இருக்கும் பழங்களுக்கும் இடையே விழும் துண்டு. கைப்பக்குவம் என்று சொல்லப்படுவதெல்லாம் அந்தத் துண்டை மறைக்கும் கலை.

முதலில் பழத்தின் தோற்றுவாய். வீட்டிலுள்ள எலுமிச்சம்பழங்கள் எல்லாம் பிழிவதற்கு உரியவை அல்ல என்பதை அயல்நாட்டு ஆய்வாளர்கள் அறியார். கடையில் வாங்கியது ஒரு வகை. அம்மன் கோயிலில் அர்ச்சகர் கையில் வைத்தது இன்னொரு வகை. இதைப் பிழியலாம், ஆனால் வீட்டார் மட்டுமே குடிக்க வேண்டும் என்று ஒரு சாராரும், வந்தவருக்கும் அருள் கிடைக்கட்டுமே என்று மற்றொரு சாராரும் வாதிடுவர். பின்னவர் வாதம் பெரும்பாலும் பழம் போதாத நாட்களில் எழுவது. பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகும்போது கையில் கொடுக்க வாங்கி, அவர் ஊரில் இல்லாததால் திரும்பி வந்த பழம் மூன்றாவது. நிலைவாசலில் மிளகாயோடு தொங்குவதும் ஆயுத பூஜையன்று வண்டிச் சக்கரத்தின் கீழ் வைப்பதும் எத்தகைய நெருக்கடியிலும் கணக்கில் சேரா. இஃது எல்லார்க்கும் ஒப்ப முடிந்தது.

பழம் தீர்ந்துபோவது நம் வீட்டுக்கு மட்டுமே நேரும் அவமானம் என்று நினைத்து இல்லத்தரசிகள் குமைய வேண்டியதில்லை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு வைத்தியம் பார்த்தார். ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம்கூட. ஒரேயொரு ஜோடிக்குத்தான் தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். அவர்கள்தான் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் ஆறே நாளில் அந்த வைத்தியம் நின்றது. கப்பலில் கொடுக்கப் பழம் மிச்சமில்லை. மருத்துவ வரலாற்றின் புகழ்பெற்ற சோதனையே ‘பழம் தீர்ந்துவிட்டது’ என்ற இடத்தில் நின்றிருக்க, திடீரென்று சம்பந்தி வீட்டார் ஏழு பேர் வந்து நிற்கையில் ஃப்ரிட்ஜில் இரண்டு பழம் இருப்பது பெருங்குற்றம் ஆகாது.

இனி ஒப்பந்தப் படலம். பிழிவதற்கு முன் ஹாலில் ஓர் உரையாடல் நிகழ்ந்தாக வேண்டும்.

“என்ன சாப்பிடுறீங்க?”

“ஐயோ, ஒண்ணும் வேண்டாங்க. இப்பத்தான் காபி குடிச்சிட்டுக் கிளம்பினோம்.”

“வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் ஜூஸாவது...”

“சரி, சர்க்கரை மட்டும் கம்மியா.”

இதில் ‘ஒண்ணும் வேண்டாங்க’ என்றது மறுப்பன்று, மரபு. ‘சர்க்கரை கம்மியா’ என்றது இசைவைக் காட்டி நின்றது. இந்த உரையாடலுக்கு இன்னொரு பயனும் உண்டு. இது நீளும் நேரத்தில்தான் வீட்டுப் பையன் பின்வாசல் வழியாகக் கடைக்கு ஓடுகிறான். வாங்கி வருபவன் முன்வாசலால் வரக்கூடாது என்பதும், வந்தபின் “அம்மா, பழம் அஞ்சு ரூபாயாம்!” என்று கத்தக்கூடாது என்பதும் விதிகள். இரண்டாவது விதி மீறப்படாத வீட்டை நான் பார்த்ததில்லை.

கருவிகளுக்கு வருவோம். ஃப்ரிட்ஜில் கல்லாய்ப் போன பழத்தை வெந்நீரில் போட்டெடுத்து, தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் உள்ளே சுளை நெகிழ்ந்து சாறு தாராளமாக வரும். இது அறிவியல். அதன்பின் நடப்பது வரலாறு. காலையில் வெங்காயம் அரிந்த கத்தி, டீ வடிகட்டுவதற்கென்றே பிறந்த வடிகட்டி, மல்லிகைப்பூவுக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் ஒரு வாரம் கிடந்த ஐஸ் டிரே ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு டம்ளரில் இறங்குகின்றன. விருந்தாளி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “வித்தியாசமா இருக்கே!” என்பார். வீட்டம்மாள் இதைப் பாராட்டாகவே கொள்ள வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் மட்டும் கலக்கலாகாது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் பித்தளையைப் பளபளக்கச் செய்யும். பளபளப்புக்காக உரிந்த களிம்பு போகுமிடம் விருந்தாளியின் வயிறு.

கொட்டையை நசுக்கிவிடக்கூடாது என்பது பாட்டிகளின் விதி. கொட்டையிலும் வெள்ளைத் தோலிலும் கசப்புப் பொருள்கள் இருக்கின்றன என்று வேதியியலும் அவர்கள் பக்கமே சாய்கிறது. சாறு பிழிந்து வைத்து நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறுவதும் உண்டு. ஆகவே ‘நாலு மணிக்கு வர்றோம்’ என்றவர்களுக்காக மூன்றரைக்கே பிழிந்து வைப்பவர், நம்மவர்களின் நாலு மணி எப்போது வரும் என்பதை யோசிக்காதவர்.

சர்க்கரை பற்றிய சர்ச்சை பெரிது. டம்ளரின் அடியில் சர்க்கரை தங்குவது ‘கூடிப்போனதால்’ என்று பொதுமக்கள் கருதுகின்றனர். பிழை. 20 டிகிரி சூட்டில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையை விழுங்கிவிடும். எந்த வீட்டிலும், எவ்வளவு பாசமிருந்தாலும், அந்த அளவு போடுவதில்லை. ஐஸை முன்னால் போட்டுவிட்டுச் சர்க்கரையைப் பின்னால் போடுவதும், போட்டுவிட்டு ஹாலில் கல்யாணப் பேச்சைக் கேட்க ஓடுவதுமே காரணம். முதலில் சாதாரணத் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, இரண்டு பாத்திரம் எடுத்து டீக்கடை மாஸ்டர் போல ஆற்றிவிட்டு, கடைசியில் ஐஸ் போடுவதே முறை. ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கும்.

இனிதான் கருதுகோளின் நிரூபணம். ஏழு பேருக்கு இரண்டு பழம் என்ற நிலையில் தண்ணீரைக் கூட்டினால் ஒன்றுமில்லாததின் ருசி வரும். சர்க்கரையைக் கூட்டினால் பானகத்தின் ஏழை உறவினர் மாதிரி இருக்கும். இந்த இடத்தில்தான் இஞ்சி உள்ளே வருகிறது. ஒரு துண்டு தட்டிப் போட்டால் தொண்டையில் சுருக்கென்று ஏறும் காரம், புளிப்பு இல்லாததைக் கேட்கவிடாமல் செய்கிறது. இன்னும் துண்டு விழுந்தால் புதினா. விருந்தாளி, “இஞ்சி, புதினாவெல்லாம் போட்டு எவ்வளவு பக்குவமா செஞ்சிருக்கீங்க!” என்று வியக்கிறார். பழம் நிறைய இருக்கும் நாளில் அந்த வீட்டில் யாரும் புதினாவைத் தொடுவதில்லை என்பதை அவர் அறியமாட்டார்.

பற்றாக்குறைக்கு மாற்று வழிகளும் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. தென்மாவட்டங்களில் நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று அலமாரியில் நின்றால் அரைப் பழம் முழுப் பழமாகிவிடும். நன்னாரியின் மணப்பொருளும் வெனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டவை, கட்டுமானம்தான் வேறு. எனவே ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிக்கும் குழந்தைக்கு நன்னாரி கொடுத்து, பக்கத்தில்தான் வந்துவிட்டோம் என்று சமாதானம் சொல்ல இடமுண்டு. எண்பதுகளில் ரஸ்னா வீடுகளில் பரவியது. ஒரு பொட்டலத்தில் 32 டம்ளர் என்றது விளம்பரம். யார் வீட்டு டம்ளர் என்பதை அது தெளிவுபடுத்தவில்லை. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவும் பன்னீர் சோடாவும் ‘கலர்’ என்ற பொதுப்பெயரில் கடையிலிருந்தே வந்திறங்கி, பிழிகிற வேலையையே இல்லாமலாக்கின. ஆயினும் கலர் வாங்கிக் கொடுத்த வீட்டைப் பற்றி, “அங்க எல்லாம் கடையில வாங்கித்தான்” என்று தெருமுனை திரும்புவதற்குள் பேச்சு வந்துவிடுகிறது.

அண்மைக்காலத்தில் சர்க்கரை நோய் இத்துறையில் பெரும் குழப்பம் விளைவித்துள்ளது. ஏழு டம்ளரில் இரண்டு உப்பு, ஐந்து இனிப்பு. எது எதுவென்று அடையாளம் வைக்க, உப்புப் போட்டதை எவர்சில்வரிலும் இனிப்பைக் கண்ணாடியிலும் ஊற்றுவது வழக்கம். தட்டு ஹாலை அடைந்ததும், நீரிழிவுக்கு இருபது வருடமாக மாத்திரை போடும் பெரியப்பா, கண்ணாடி டம்ளரைத்தான் எடுப்பார். மாற்றிக் கொடுக்க யாருக்கும் துணிவு வராது. பெரியம்மா மட்டும் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு.

இந்த ஆய்வு ஒரு வகையினரை விட்டுவிட்டது. ‘தண்ணி போதும்’ என்று சொல்லி, உண்மையிலேயே தண்ணீர் மட்டும் வேண்டியிருக்கும் விருந்தாளிகள். அத்தகையவர் இருக்கத்தான் வேண்டும். கண்டுபிடித்து இரண்டு கேள்வி கேட்கலாம் என்றால் வழியில்லை. அவர்கள் போன வீட்டிலெல்லாம் ஜூஸ் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.