கரையான் பற்றிய கேள்விகள்

வீட்டில் கரையான் வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? அது சத்தமே போடாதே!
– வாசகி, மன்னார்குடி

அது போட்டாலும் நமக்கு எளிதில் கேட்காது, நீங்கள் போடுங்கள். கதவு நிலையை விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொக்' என்றால் மரம் இருக்கிறது. 'டொம்' என்றால் பெயின்ட் மட்டும்தான் பாக்கி! சுவரோரம் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால், சுரண்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அது வெறும் பாதைதான். ராணி மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறாள். மழைக்கு மறுநாள் ஜன்னலோரம் உதிர்ந்து கிடக்கும் இறக்கைகளும் எச்சரிக்கைதான். நாம் வறுத்துத் தின்ற ஈசல், சிறகு முளைத்த கரையானே.

வராமல் தடுக்க ஒரே வழி?
– வாசகர், தேனி

இரும்பு வீடு! கட்டுப்படியாகாது என்றால், ஒழுகும் குழாயை இன்றே சரிசெய்யுங்கள். பழைய பேப்பர் கட்டைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். புதுவீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்திலேயே மண்ணுக்கு மருந்தடித்துவிடுங்கள். பிறகு என்றால் டைல்ஸைத் துளைத்துத்தான் ஊற்ற வேண்டும்.