பம்பர் மாமா

நாளுக்கு முப்பது மலேசிய வெள்ளியை மிச்சம் பிடித்த நிமிஷத்திலிருந்து மாமா காரை ஓட்டுவதில்லை, காவல் காக்கிறார்.

பூலாம்பாடியில் இந்த மாமாக்களுக்குப் பஞ்சமில்லை. குட்டி சிங்கப்பூர் என்று பேர் வாங்கிய ஊர். எந்தத் தெருவுக்குப் போனாலும் நாலு வீட்டுப் பிள்ளைகள் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியர்கள் முப்பது நாள்வரை விசா இல்லாமலே வரலாம் என்று மலேசியா கதவைத் திறந்துவிட்டதும், பேத்தியைப் பார்க்க, பத்துமலை முருகனைப் பார்க்க என்று குடும்பம் குடும்பமாகத் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். மாமாவும் எங்களோடு ஏறுகிறார். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி சட்டைப்பையில் இருக்கிறது. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் அவருக்குப் பாதி மலேசியா பழகிய மாதிரிதான்.

வாடகைக் கார் கவுன்ட்டரில் இருப்பது தமிழ்ப் பெண். "அங்கிள், சூப்பர் கவர் எடுத்துக்குங்க. நாளுக்கு முப்பது வெள்ளிதான். நிம்மதியா ஓட்டலாம்" என்கிறாள்.

"முப்பது வருஷமா வண்டி ஓட்டறேம்மா. ஒரு கீறல் விழுந்ததில்ல."

"உங்களச் சொல்லல அங்கிள். பின்னாடி வர்றவரச் சொல்றேன்."

மாமா யோசிக்கிறார். "சரி, கொரங்கு கீறுனா குடுப்பீங்களா?"

பத்துமலைக் குரங்குகளைப் பற்றி மச்சினன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்தப் பெண் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "தெரியல அங்கிள்" என்கிறாள். முடிந்தது. குரங்குக்குக் கொடுக்காத இன்சூரன்ஸ் மனுஷனுக்கு எதற்கு?

ரோட்டில் போகிறவர் மேல் இடித்துவிட்டால் அவருக்கான காப்பீடு வண்டியோடு வந்துவிடுகிறது. நம் ஊர்போல அங்கேயும் அது சட்டப்படி கட்டாயம். மாமா வேண்டாம் என்றது வேறு. வாடகைக் காருக்கே அடிபட்டால் யார் பணம் கட்டுவது? அதற்குத்தான் சி.டி.டபிள்யூ. (கொலிஷன் டேமேஜ் வெய்வர்). அது இன்சூரன்ஸ்கூட இல்லை, 'இந்தத் தொகைக்குமேல் உங்களிடம் கேட்க மாட்டோம்' என்று வாடகைக் கம்பெனி கொடுக்கும் வாக்கு. அந்தத் தொகைக்கு எக்ஸஸ் என்று பேர். மாமா கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எக்ஸஸ் மூவாயிரம் வெள்ளி. தினம் முப்பது கட்டி சூப்பர் கவர் எடுத்தால் அது பூஜ்யம். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவையெல்லாம் பெரும்பாலும் இந்த வாக்கில் சேராது. தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேர் எழுதிக்கொடுக்காத ஆள் ஓட்டினாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ, சொல்லாமல் தாய்லாந்து எல்லையைத் தாண்டினாலோ வாக்கே செல்லாது. இவ்வளவுதான் விஷயம். மலேசியாவில் இருக்கும் மாமாவின் பிள்ளை விமான நிலையத்திலேயே இதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டான். தெரிந்துதான் வேண்டாம் என்றார். அதுதான் வயிற்றெரிச்சல்.

இனி காவல் ஆரம்பம்.

முதலில் வீடியோ. வண்டியைச் சுற்றிவந்து ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படம் பிடிப்பது நல்ல பழக்கம், எல்லோரும் செய்ய வேண்டியது. மாமா வர்ணனையோடு செய்கிறார். "இது பின்பக்க பம்பர். எடதுபக்கம் ஒரு புள்ளி. நாம வெச்சதில்ல." வெயிலில் நின்ற பேத்தி அழுதுவிட்டாள். அந்த அழுகையும் சாட்சியாகப் பதிவாகியிருக்கிறது.

110 வரை போகலாம் என்று பலகை வைத்திருக்கும் நெடுஞ்சாலையில் மாமா அறுபதில் போகிறார். லாரிக்குப் பின்னால் போனால் கல் தெறிக்கும். பஸ்ஸுக்குப் பக்கத்தில் போனால் உரசும். இரண்டும் இல்லாத இடைவெளி வரும்வரை ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லியாக வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அதற்காக வழியில் இருக்கும் போலீஸ் ஸ்டேஷன்களையெல்லாம் போனில் குறித்து வைத்திருக்கிறார். சாப்பாட்டுக் கடைகளைக் குறிக்கவில்லை.

காருக்குள் முறுக்கு கூடாது. துரியன் பழத்தின் பேரைச் சொன்னாலே ஜன்னலை இறக்கிவிடுகிறார். கதவைச் சாத்தினால், "மெதுவா, மெதுவா!" மெதுவாகச் சாத்தினால் கதவு சரியாக மூடாது. மறுபடி திறந்து மூட வேண்டும். அப்போதும், "மெதுவா!"

பத்துமலையில் உச்சம். கோயில் வாசலுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் வண்டிகள். எவனாவது கதவைத் திறந்து இடித்தால்? மரத்தடியில் இடம் இருந்தது. பறவை எச்சம், மரம் என்றால் குரங்கும் உண்டு. கடைசியில், மரம் மட்டை மனுஷ வாடை இல்லாத ஒரு மூலையில், நாலு வண்டி நிற்கும் இடத்துக்கு நடுவில் எங்கள் வெள்ளை மைவி கார் நின்றது. அங்கிருந்து முட்டிவலிக்கார அத்தை வெயிலில் நடந்தார். அதற்குப் பிறகு 272 படி. மாமா வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேருந்தே கும்புட்டுக்கறேன்" என்றார். முருகன் சிலை 140 அடி உயரம் என்பதால் அந்தச் சமாதானமும் எடுபட்டது.

ராத்திரி பிள்ளை வீட்டில் தூங்குகிறார் என்று நினைப்போம். பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். பன்னிரண்டாவது மாடியிலிருந்து பம்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதே மாமா ஊரில் ஓட்டும் டூவீலரைப் பார்க்க வேண்டும். சின்ன வெங்காய மூட்டை ஏற்றி ஏற்றி இரண்டு பக்கமும் பெயின்ட் கிடையாது. இன்சூரன்ஸ் முடிந்து எத்தனை வருஷம் என்று வண்டிக்கே மறந்துபோச்சு. 75 சிசிக்கு மேல் 150 சிசிக்கு உள்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி என்று 2022-இல் நிர்ணயித்தார்கள். இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை அபராதம் 2,000. மாமா இரண்டையும் கட்டுவதில்லை. ரோட்டில் சோதனை என்று போன் வந்தால் காட்டுவழியாகச் சுற்றிக்கொண்டு அரும்பாவூர் போய்விடுவார். சுற்றும் பெட்ரோலைக் கூட்டினால் 714 வந்திருக்கும்.

கஞ்சத்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இவர் வாலிபத்தில் ஏஜென்ட் மூலமாக அதே மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர். படிக்கத் தெரியாத மொழியில் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர். ஊரில் சொன்ன சம்பளம் ஒன்று, கையில் வந்தது ஒன்று; பாஸ்போர்ட் முதலாளியின் மேஜையில். வட்டிக்கு வாங்கிப் போன காசை அடைத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அந்தத் தலைமுறையில் இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர். 'இங்கேயும் ஒரு டிக் போடுங்க அங்கிள்' என்றதும் அந்த முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். இன்னொரு தடவை ஏமாறமாட்டேன் என்பதுதான் அவர் எடுத்துவைத்திருக்கும் ஒரே பாலிசி.

சரி மாமா, புரிகிறது. அதற்கு அத்தை ஏன் நடக்க வேண்டும்? உங்களை ஏமாற்றியது ஏஜென்ட். தண்டனை எங்கள் முட்டிக்கும் பேத்தியின் முறுக்குக்குமா? படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு மருந்து, படித்துவிட்டுப் போடுவது. எக்ஸஸ் எவ்வளவு, எது சேராது, அடிபட்டால் யாருக்குப் போன் பண்ணுவது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். நீங்கள் குரங்கைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

கார் கீறலில்லாமல் திரும்பிப் போனது. பூலாம்பாடி பஸ் ஸ்டாண்டில் மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "நூத்துச் சொச்சம் வெள்ளி மிச்சம்! இன்சூரன்ஸெல்லாம் சும்மா ஏமாத்து வேல." கேட்டவர்களில் ரெண்டு பேர் அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் நல்ல செருப்பாக வாங்கிக்கொள்ளட்டும்.

நாங்கள் அடுத்த பயணத்துக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டோம். சூப்பர் கவருக்கான பணத்தைப் பிள்ளையே முன்கூட்டிக் கட்டிவிடுவான். மாமாவிடம், 'வாடகையிலேயே சேந்ததுப்பா, வேணாம்னாலும் கழிக்க மாட்டாங்க' என்று சொல்லிவிடுவான். யோசனை அத்தையுடையது. பணமும் அத்தையுடையதுதான்: வெங்காயம் விற்ற காசில் மாமாவுக்குத் தெரியாமல் ஒதுக்கியது.