மணல் பிரதி

1738-இல் திருவரங்குளம் காட்டில், மௌனவிரதம் பூண்டிருந்த சதாசிவப் பிரம்மேந்திரர் புதுக்கோட்டை விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு மணலில் விரலால் உபதேசம் எழுதிக் காட்டினார் என்பார்கள். மன்னர் அந்த மணலை அங்கவஸ்திரத்தில் அள்ளிக்கொண்டு போய் அரண்மனைப் பூஜையில் வைத்துவிட்டார். அடுத்த வருஷம் லண்டனில் தத்துவஞானி டேவிட் ஹியூம் புத்தகம் போட்டார். சீந்துவாரில்லை.

இன்று நம் தத்துவத் துறைகளில் 1650-இல் கண்மூடிய டெகார்ட் ‘நவீனர்’. அவருக்கு நூறு வருஷம் பிந்திய நம்மவர் ‘தொன்மை மரபு’! பிரம்மசூத்திரத்துக்கு உரையே எழுதியிருக்கிறார் மனிதர். ஆனால் பாவம், மணலுக்கு அடிக்குறிப்பு போட முடியாதே. முனைவர் பட்டமெல்லாம் ஹியூமுக்கே போகட்டும். ‘நவீன மெய்யியல்’ வினாத்தாளில் பிரம்மேந்திரருக்கு ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வியாவது ஒதுக்குங்கள், பேராசிரியர்களே.