பாதாள வில்லங்கம்: ஓர் ஆய்வு

சென்னையில் வீடு வாங்கப் போகிறவரின் ஆராய்ச்சித் திறத்துக்கு முன்னால் முனைவர் பட்டக்காரர்கள் தலைகுனிய வேண்டும். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுக்கிறார். 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார். ஈசானிய மூலையில் கழிவறை இருக்கிறதா என்று பார்க்க வாஸ்துக்காரரைத் திசைகாட்டியோடு கூட்டி வருகிறார். அந்தக் கழிவறையிலிருந்து போவது எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. இந்த மௌனமே நம் ஆய்வுப்பொருள்.

முன்னோர் நூல்களைப் புரட்டினோம். அறை எத்தனை அடி இருந்தால் என்ன பலன் என்று மனையடி சாஸ்திரம் சொல்கிறது. குழாய்க்குப் பலன் சொல்லவில்லை. அக்குறையை இங்கே நிரப்பத் துணிகிறோம். 4 அங்குலக் குழாய், 40 அடிக்கு 1 அடி வாட்டம்: குடும்ப ஒற்றுமை. வாட்டம் குறைந்தால் கழிவு தங்கும், விருந்தாளி தங்கமாட்டார். பழைய சுட்டமண் குழாயும் பக்கத்தில் அரசமரமும் சேர்ந்தால், இணைப்பு வழியே வேர் நுழையும், தனம் வெளியேறும். மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமான பிறகும் மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் விடும் தெருவில் வாங்கினால், தரைத்தளத்துக்காரருக்கு ஐப்பசியில் கங்காஸ்நானம் நிச்சயம். கங்கை கழிவறைப் பீங்கான் வழியாக வருவாள்.

மொகஞ்சதாரோவில் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே தெருச் சாக்கடையை மூடி, திறந்து பார்க்கவும் வழி வைத்தார்கள். நம் மேஸ்திரி சேம்பர் மூடிமேல் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் துளசிமாடமும் கட்டிவிடுகிறார். நாகரிகம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆய்வுமுறைக்கு வருவோம். சேம்பர் மூடிகளையெல்லாம் திறக்கச் சொல்லுங்கள். (இந்தக் கட்டத்தில் தரகருக்கு அவசரமாக போன் வரும்.) மாடிக் கழிவறையில் மஞ்சள்தூள் கரைத்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கீழே ஓர் ஆளை நிறுத்துங்கள். மஞ்சள் சட்டென்று வந்து ஓடினால் நலம். தயங்கித் தயங்கி வந்தால் அடைப்பு. வரவே இல்லையென்றால் அது தெரு மழைநீர்க் கால்வாய்க்கோ, யாரும் அறியாத செப்டிக் டேங்குக்கோ போகிறது. சேம்பர் சுவரில் பாதி உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதா? கழிவு அதுவரை ஏறி நின்றிருக்கிறது. எந்தப் பத்திரத்திலும் பதிவாகாத வரலாறு அது. சந்தேகம் தீராவிட்டால் குழாய்க்குள் கேமரா விடும் பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஆளை இறக்கிப் பார்க்கும் பேச்சே வேண்டாம். சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்த ஒரு வரியில் கேலி இல்லை.

விற்பவர் குடிநீர், கழிவுநீர் வரி ரசீதை நீட்டுவார். வரி கட்டியதற்கு அது சான்று. குழாய் ஒழுங்காக இருப்பதற்கு அல்ல. மூடியைத் திறக்க மறுப்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சித்திரையில் பிடித்துப்போன வீட்டைக் கார்த்திகை மழையில் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பத்திரம் பதியுங்கள்.