கணவாய்க் கணக்கர்

தெஹிவளையில் காலி வீதியோரத்துச் சீனச் சாப்பாட்டுக் கடையில் ஞாயிறு மதியம் பஃபே என்றால், கதவு திறக்குமுன்பே வாசலில் நிற்பவர் இவர்தான். காலையில் வெறும் பிளேன்ரீ. இளைப்பாறிய கணக்காளராக இருக்கலாம், லீவில் வந்த கனடாக்காரராக இருக்கலாம். இனம் ஒன்றுதான்.

முதற்சுற்றுக்குக் கோப்பை எடுக்கமாட்டார். ஒரு கையைப் பின்னால் கட்டியபடி ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார். சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டாரோ என்று வெயிட்டர் ஒரு கணம் விறைத்துப்போவார். சூப்பும் பிறைட் றைஸும் நூடில்ஸும் முன்வரிசையில் இருப்பது சதி என்பது அவருடைய முடிவு. மனைவி சோற்றில் கரண்டி வைத்ததும் பதறுவார்.

"இஞ்சரும், சோறு வீட்டிலையும் கிடக்கு. கணவாயை எடும்!"

ஹொட் பட்டர் கணவாயைத்தான் சொல்கிறார். மாவில் தோய்த்துப் பொரித்து, வெண்ணெயிலும் செத்தல் மிளகாயிலும் பிரட்டிய அந்தப் பண்டத்தைத் தேடிச் சீனாவுக்குப் போகவேண்டாம். அது இலங்கைச் சமையலறைப் பிள்ளை. கொழும்பின் சீனச் சாப்பாட்டுக்கு வயதும் கொஞ்சமல்ல. பம்பலப்பிட்டியில் சைனீஸ் டிராகன் கபே 1942இல் தொடங்கியது. ஹூபேயிலிருந்தும் ஷான்டொங்கிலிருந்தும் வந்தவர்கள் சைக்கிளில் துணி விற்றார்கள், பல் கட்டினார்கள், சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அவர்களில் நாடற்றவர்களாக இருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2008இல். அவர்களுடைய பிறைட் றைஸ் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் எப்போதோ இந்த நாட்டுப் பிரசையாகிவிட்டது. சில்லிப் பேஸ்ட் இல்லாத பிறந்தநாள் வீடு கொழும்பில் ஏது?

நம்மவருக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டாம். கணவாய்த் தட்டு காலியாகி, அடுத்தது உள்ளேயிருந்து வரச் சுணங்கினால் போதும்: "வேணுமெண்டுதான் பிந்துறாங்கள்."

நாள் பார்ப்பதிலும் நுட்பமுண்டு. வெள்ளி ஆகாது. மரக்கறி நாளில் கங்குனைத் தின்றுவிட்டுக் கணவாய்க் காசு கொடுப்பதா? நல்லூரில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பக்தி பாதி, நட்டம் பாதி. பன்னிரண்டு வயதுக்குக் கீழே அரைவிலை என்று பலகை தொங்கினால், பேரன் இரண்டு வருஷமாகப் பதினொரு வயதிலேயே நிற்பான்.

அதே பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருக்கும்: சேவைக் கட்டணம் 10 வீதம், வற் வரி வேறு. 2024 தையில் வற் 18 வீதமானதிலிருந்து இவருடைய கடைசிக் கோப்பை ஒன்று கூடியிருக்கிறது. "வரிக்கும் சேர்த்துச் சாப்பிடத்தானே வேணும்?" வத்தகப்பழம் வெறும் தண்ணீர் என்பதால் கணக்கில் சேராது. மனைவியோ ஒரு கோப்பைச் சோற்றோடு நிறைந்துபோய், கையில் ஐஸ்கிறீமுடன் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பு இவருக்கு நட்டக் கணக்கு.

வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் விழுந்ததும் இறுதிக் கணக்கு முடியும். இரவுச் சாப்பாடும் மிச்சம். அதையும் வரவில் எழுதிக்கொள்வார். எட்டரைக்கு மனைவி தனக்கென்று தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார்.

"இஞ்சரும், எனக்கும் ரெண்டு சுடும்."